ஆறு மாரி கண்ட டயோராமா

2019 ஆவணியில் நான் செய்து முடித்த டயோராமா, அதாவது ஒரு வாவிக்கரை மீன்வாடியின் சிற்றுருக் காட்சி, இன்றும் மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அடிப்பலகை 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. அதன் மேல் கிடுகுக் கூரையிட்ட ஒரு வாடி, பாதி தண்ணீரிலும் பாதி சேற்றிலுமாக ஒரு தோணி, வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவர், அவருக்குப் பின்னால் கண்ணா என்ற சதுப்புநில மரத்தின் வேர்கள். இவற்றில் நான் மறுபடி கைவைக்காமல் இருப்பவை தோணியும் வேர்களும் வலையும் மட்டுமே. தண்ணீரை இரண்டு தடவையும், மணலையும் கூரையையும் தலா ஒரு தடவையும், அடிப்பலகையையே ஒரு தடவையும் மாற்றியிருக்கிறேன். ஆகவே, வேலை முடிந்த அன்று எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இந்தப் பசை நல்லது, அந்த வர்ணம் நல்லது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாகக் கிடக்கும் இந்த மணல்திட்டில் எந்தப் பொருளின் குணமும் மார்கழி கழிந்த பிறகுதான் வெளியே வரும்.

நான் எடுத்துக்கொண்ட அளவு 1:12. கடைகளில் 6 அங்குல உருவங்கள் என்று விற்கப்படும் மனித உருவப் பொம்மைகள் பெரும்பாலும் இந்த அளவுக்குப் பொருந்தும். ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடுவதால் கணக்குப் போடுவது எளிது. 7 அடிக் கதவு 7 அங்குலம், 9 அங்குலச் செங்கல் முக்கால் அங்குலம். 12 அங்குல உருவங்களுக்குரிய 1:6 அளவில் துணி அழகாக விழும் என்றாலும், ஒரு வாடியைக் கட்டி முடிக்கும்போது சாப்பாட்டு மேசை முழுவதும் போய்விடும். ஆனால் 1:12இல் இயற்கைப் பொருட்கள் நம்மை ஏமாற்றும். கடற்கரை மணலில் அரை மில்லிமீற்றர் பருமனுள்ள ஒரு மணியை 12ஆல் பெருக்கினால் 6 மில்லிமீற்றர் ஆகிறது. அதாவது, கல்லடிக் கடற்கரை மணலை அப்படியே தூவியபோது என் மீனவர் மணலில் அல்ல, சரளைக்கல் கொட்டிய வீதியில் நிற்பவரைப் போலத் தெரிந்தார். இப்போது பழைய சேலைத் துணியில் சலித்தெடுத்த தூளையும், இடித்த செங்கல் மாவையும், சேற்றுப் பகுதிக்குத் தும்புத்தூளையும் பயன்படுத்துகிறேன். மணலை மணலாகவே வைத்திருப்பது நீர் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும்.

மணல் எனக்குக் கற்றுத்தந்த பெரிய பாடம் அளவைப் பற்றியதல்ல, உப்பைப் பற்றியது. முதல் தடவை கழுவாத மணலை பைண்டர் கம்மில் ஒட்டினேன். கார்த்திகை மழை தொடங்கி இரண்டு கிழமைக்குள் கரை முழுவதும் ஈரமாகி, பிறகு வெயில் பட்ட நாட்களில் வெள்ளையாகப் பூத்து, மறுபடி ஈரமாகி, மார்கழியில் விரலால் தொட்டால் தோலோடு கழன்று வந்தது. கடலுப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வெள்ளைப் பசையோ தண்ணீரில் கரைத்துச் செய்வது, ஈரம் பட்டால் மீண்டும் இளகும். இரண்டையும் ஒன்றாகப் பூசிவிட்டுப் பசையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இப்போது மணலை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவி, கடைசித் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்காவிட்டால் தாச்சியில் போட்டு வறுத்தெடுக்கிறேன். அந்தத் தாச்சியை அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பசை காய்ந்த பிறகு மேலே மங்கலான அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசினால், ஈரம் உள்ளே இறங்க நெடுநாள் எடுக்கும்.

அடிப்பலகைக்கு முதலில் எடுத்த எம்.டி.எஃப். என்ற அழுத்திய மரத்தூள் பலகை 2020 தைக்குள் ஓரங்களில் ஊறிய பாண்போல உப்பிவிட்டது. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கழிவாகக் கிடக்கும் பி.வி.சி. போர்ட் துண்டுகளை ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டி மாற்றியதிலிருந்து அந்தக் கவலை இல்லை. கறையானும் அதைத் தொடாது. மேடு பள்ளங்களுக்கு றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை போதும். கத்தியைச் சற்றுச் சூடாக்கினால் மணிமணியாக உதிராமல் வெட்டலாம். அதன் மேல் நேரடியாக ஸ்பிரே பெயின்ற் அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் றெஜிபோமைத் தின்றுவிடும். முதலில் பைண்டர் கம்மும் அக்ரிலிக்கும் கலந்து ஒரு தோல் பூச வேண்டும்.

இனித் தண்ணீர். இந்த வேலையில் என் காசையும் பொறுமையையும் அதிகம் குடித்தது அதுதான். 2019இல், கடினமாக்கி கலந்தால் கண்ணாடிபோல இறுகும் திரவமான எப்பொக்சி ரெசினை 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரே தடவையில் ஊற்றினேன். ரெசினும் கடினமாக்கியும் சேரும்போது வெப்பம் பிறக்கும், அளவு கூடக்கூட வெப்பமும் கூடும் என்பதைப் படித்திருந்தும், ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் கலக்கிய கோப்பையைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரையாக வெட்டியிருந்த றெஜிபோம் உள்ளுக்குள் சுருங்கி, வாவியின் ஒரு பக்கம் குகைபோலக் குழிந்துவிட்டது. படத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் எடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது தடவை, 2020 மார்கழியில், மெல்லிய படையாகத்தான் ஊற்றினேன். ஆனால் வெளியே விடாத மழை. மறுநாள் மேற்பரப்பில் பால் படர்ந்ததுபோல ஒரு மங்கல், தொட்டால் மெழுகுபோல ஒரு வழுக்கல். கடினமாக்கியிலுள்ள அமைன் என்ற இரசாயனம், காற்றின் ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்ந்து மேலே படியும் படலம் அது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவினால் வழுக்கல் போகும், மங்கல் முழுதாகப் போகாது.

மூன்றாவது தண்ணீரை 2021 ஆனியில், கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில், 3 மில்லிமீற்றர்ப் படைகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் விட்டு ஊற்றினேன். கச்சானுக்கு ஈரம் இல்லை, ஆனால் புழுதி உண்டு. ஊற்றியவுடன் மேலே ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கவிழ்த்து வைக்காவிட்டால் வீதிப் புழுதி முழுவதும் வாவியில் மிதக்கும். இந்தத் தண்ணீர்தான் இன்றும் இருக்கிறது. நான்கு வருடத்தில், யன்னல் பக்க மூலையில் மட்டும் சற்று மஞ்சளித்திருக்கிறது. கலவை விகிதத்தைப் பற்றி ஒரு சொல்: போத்தலில் எழுதியிருக்கும் விகிதம் கனவளவுக்கா நிறைக்கா என்பதை இரண்டு தடவை வாசியுங்கள். இரண்டு திரவங்களும் ஒரே பாரம் அல்ல. தராசில் நிறுத்துவிட்டுக் கனவளவு விகிதத்தைப் பின்பற்றினால் ரெசின் ஒருபோதும் முழுதாக இறுகாது.

நிறத்துக்காக ரெசினுக்குள் அக்ரிலிக் வர்ணத்தைக் கலப்பதையும் கைவிட்டுவிட்டேன். மட்டக்களப்பு வாவி நீலமல்ல. கரையில் தேயிலைச் சாயம்போலவும், சற்று உள்ளே பழுப்புப் பச்சையாகவும், மழைக்குப் பின் செம்மண் கரைசலாகவும் இருக்கும். அடியிலேயே இந்த நிறங்களைப் படிப்படியாகப் பூசி, நடுவில் கரும்பச்சையாக்கி, மேலே தெளிந்த ரெசினை ஊற்றினால் 9 மில்லிமீற்றர்த் தண்ணீர் இடுப்பளவு ஆழம்போலத் தெரியும்.

தோணியைக் கரையில் கட்டியதில் நான் விட்ட பிழையை அடுத்த வீட்டுப் பெரியப்பா கண்டுபிடித்தார். முப்பது வருடம் வாவியில் தொழில் செய்தவர். பெட்டிக்குக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “மனே, கயித்த இப்பிடி இறுக்கிக் கட்டினா மழத்தண்ணி ஏறின அண்டைக்குத் தோணிட மூக்கு உள்ள போயிரும்” என்றார். “கொஞ்சம் தளர்த்தித் தண்ணிக்குள்ள விடுங்க.” நான் கயிற்றை விறைப்பாக இழுத்திருந்தது அழகாக இருக்கிறதென்றுதான். மூன்றாவது ரெசின் ஊற்றும்போது கயிற்றின் நடுப்பகுதியைத் தண்ணீருக்குள் தொய்யவிட்டேன். பார்ப்பவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் அதன் பிறகுதான் தோணி தண்ணீரில் மிதக்கிறது.

தோணி முள்முருக்கங் கட்டையில் செதுக்கியது. உள்ளும் புறமும் மெல்லிய எப்பொக்சி பூசியதால் பிழைத்திருக்கிறது. வேர்கள் பழைய மின்வயரின் செப்புக் கம்பியை முறுக்கி, இரு பகுதிப் புட்டி பூசிச் செய்தவை. வலை நுளம்புவலைத் துண்டு. அதன் கண் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு, 1:12இல் 18 மில்லிமீற்றர் வலைக்கண்ணுக்குச் சரியாக வரும்; தேநீர்ச் சாயத்தில் தோய்த்தால் புதுமை போய்விடும். தென்னம் பன்னாடை வலைக்கு மிகத் தடிப்பு, ஆனால் சாக்குக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஈர்க்கு வளைக்கம்புக்கும் கூரைச் சலாகைக்கும் ஆகும். கிடுகைப் பனங்குருத்தோலையை 2 மில்லிமீற்றர்க் கீற்றுகளாகக் கிழித்து ஒவ்வொன்றாகப் பின்னினேன். முதற்கூரையைப் பின்ன இருபது இரவுகள் சென்றன, பூஞ்சணம் தின்ன ஒரு மாரி போதுமாக இருந்தது. இரண்டாவது தடவை ஓலையை அவித்து, வெயிலில் காயவைத்து, பின்னிய பின் வார்னிஷில் தோய்த்தேன். இலைச்சருகுக்காகத் தூவிய காய்ந்த தேயிலைச் சக்கையும் உண்மையான பாசியும் இதே காரணத்தால் குப்பைக்குப் போயின.

உருவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முறையல்ல. நான் எடுத்தது ஒரு சிப்பாய் உருவம். அந்த நெஞ்சும் தோளும் வாவியில் தோணி வலிக்கும் எவருக்கும் வாய்த்ததில்லை. மண்கடதாசியால் தேய்க்கப் பார்த்தேன், மென்மையான பி.வி.சி. தேயாமல் நார்நாராக எழும்பியது. எனவே சட்டை போட்டு மறைத்தேன். மருதமுனைச் சாரன் துணி இந்த அளவில் பாய்போல விறைத்து நின்றதால், பழைய கைக்குட்டையில் கோடு வரைந்து, ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்து, நீர்த்த பசையில் நனைத்து மடிப்பு விழுத்தினேன். இந்த வெக்கையில் பி.வி.சி. கணுக்கால் இளகி உருவம் மெதுவாகச் சாயும். பாதத்துத் துளையில் கம்பி இறக்கி நிலத்தில் ஊன்றுவதே நிரந்தர வழி. அதைவிட மோசமானது, பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் நாளடைவில் வெளியே கசிவது. றெஜிபோம் நிலத்தில் நேராக நின்ற பாதம் 2022இல் இரண்டு குழிகளைத் தோண்டியிருந்தது. இப்போது பாதத்துக்கடியில் புட்டியாலான ஒரு தட்டு இருக்கிறது. அந்த வருடம் டொலர் ஏறிய ஏற்றத்தில் புதிய உருவம் வாங்கும் பேச்சே இருக்கவில்லை.

துரு வேலையை வாடியில் செய்ய இடமில்லாததால், 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டம் ஒன்றைத் தனியாகச் செய்து பார்த்தேன். இரும்புக் கம்பளியை வினாகிரியில் ஊறவைத்த நீர் முதல் நாளே அருமையான நிறம் தந்தது; கழுவாமல் விட்ட அமிலம் எட்டு மாதத்தில் உள்ளே கொடுத்திருந்த குண்டூசிகளையும் அரித்தது. பழைய தகரத்திலிருந்து சுரண்டிய துருத்தூளை மங்கல் வார்னிஷில் பதிப்பது மந்தமான வழி, ஆனால் மாறுவதில்லை.

ஒளிக்கு 12 வோல்ற் எல்.ஈ.டி. பட்டியை மேல்மூலையில் ஒளித்து, முன்னால் மஞ்சள் செலோபேன் ஒட்டியிருக்கிறேன். டயோராமா என்ற பெயரே 1822இல் பாரிஸில் தாகேர் என்ற ஓவியர் காட்டிய, ஒளி மாற மாறக் காட்சி மாறும் பெருந்திரைகளிலிருந்து வந்தது. பட்டியை இடப்பக்கம் நகர்த்தினால் என் வாடியிலும் விடியல் அந்தியாகிவிடுகிறது. படம் எடுக்கும்போது தொலைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, வில்லையை மீனவரின் கண்மட்டமான 14 சென்ரிமீற்றருக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் எவ்வளவு நேர்த்தியான வேலையும் விளையாட்டுச் சாமானாகவே தெரியும்.

கண்ணாடிப் பெட்டியை முழுதாக மூடுவதில்லை; பின்பக்கம் ஒரு விரற்கடை இடைவெளியில் நுளம்புவலை ஒட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, மாதம் ஒருமுறை அவற்றை வறுத்து வைக்கிறேன். 2024 கார்த்திகை வெள்ளத்தின்போது பெட்டியை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தோம். இறக்கிய பிறகு பார்த்தால், மஞ்சளித்த அந்த மூலையில் ரெசின் பலகையைவிட்டு மயிரிழை அளவு எழும்பியிருக்கிறது. அதன் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் திகதியும் எழுதியிருக்கிறேன். இந்த மார்கழி முடிந்து அது கோட்டைத் தாண்டியிருந்தால், அடுத்த கச்சானுக்கு நான்காவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.