பழைய டிஸ்கவரியா, பழைய ஃபார்ச்சூனரா? மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கணக்கு

போன வருஷம் இடவப்பாதி (ஜூன் மழை) தொடங்குவதற்கு முன்னால், 12 வருஷம் உழைத்த பொலேரோவைக் கொடுத்துவிட்டு செகண்டில் ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்தேன். எடுத்தது 2018 மாடல் டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக். எடுக்காமல் விட்டது 2013 மாடல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4. இரண்டில் ஓட்டுவதற்கு நல்ல வண்டி நான் விட்டதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருமனை, குலசேகரம் பக்கம் இதே யோசனையில் இருக்கிற நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஆகவே நான் போட்ட கணக்கை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ரப்பர் விளை (தோட்டம்) ஆறுகாணி தாண்டி மலையோரத்தில் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண்ணும் உருட்டுக் கல்லும். ஜூனில் மழை பிடித்தால் அந்த ஏற்றத்தில் டூ வீல் டிரைவ் வண்டி பாதியில் நின்று பின்னால் சறுக்கும். ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது லோ ரேஞ்ச் (இழுவையைக் கூட்டி மெதுவாக ஓட்டுகிற தனி கியர்) இல்லாவிட்டால் பிரேக்கை நம்பித்தான் வரவேண்டும். இன்னொரு பக்கம் அம்மா. வயது 74, இரண்டு முழங்கால் முட்டும் தேய்ந்தவர். திருவனந்தபுரத்தில் அக்கா வீட்டுக்கு மாதம் இரண்டு முறையாவது அழைத்துப் போகவேண்டும். கையில் 25 லட்சம். இந்தக் காசுக்குப் புது வண்டியே வருமே என்று வீட்டில் கேட்டார்கள். வரும். ஆனால் வாழ்க்கையில் ஒருமுறையாவது பெரிய வண்டி ஒன்றை வைத்து ஓட்டவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

ஆடி கியூ7, பிஎம்டபிள்யூ எக்ஸ்5 இரண்டையும் முதல் நாளே தள்ளிவிட்டேன். லோ ரேஞ்ச் கிடையாது. டொயோட்டா பிராடோ மனசுக்குப் பிடித்த வண்டி, ஆனால் விற்பனைக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் விலை எட்டாது. ஃபோர்டு எண்டெவர் 3.2 ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து சிலிண்டர் எஞ்சின், உட்காருகிற சுகம் ஃபார்ச்சூனரைவிட மேல், தண்ணீரில் 800 மில்லிமீட்டர் வரை இறங்கும். நம் மறைமலை நகரில் செய்த வண்டி. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. வைத்திருப்பவர்கள் ஸ்பேர் கிடைக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஒருநாள் ஓட்டத்தை வைத்து அதைப் பற்றி இதற்கு மேல் பேசுவது நியாயமில்லை.

மிச்சம் இரண்டு. டிஸ்கவரியைத் திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பார்த்தோம். நன்றாகப் பராமரித்த வண்டி, சர்வீஸ் பில் ஒவ்வொன்றும் ஃபைலில் இருந்தது. கேட்ட விலை 17 லட்சம். புதிதில் அரைக் கோடிக்கு மேல் விற்ற வண்டி. அம்மா ஏறுவதற்காக உரிமையாளர் ஒரு பட்டனை அழுத்தினார். உஸ்ஸென்று ஒரு சத்தம், வண்டி முழுவதும் மெல்லக் கீழே இறங்கி நின்றது. ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். தேய்ந்த முட்டுக்கு அந்த 5 சென்டிமீட்டர் பெரிய விஷயம். "எடே, இது மண்டி போடுதே!" என்றார் அம்மா. என் கையைப் பிடிக்காமல் தானாகவே ஏறி உட்கார்ந்தார்.

பாலராமபுரம் நெரிசல், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று எல்லைவரை போய்த் திரும்பினோம். குழியில் இறங்குவது காதில் கேட்கிறது, உடம்பில் தெரியவில்லை. 6 சிலிண்டர் டீசல், 600 நியூட்டன் மீட்டர் டார்க். நான் எடுத்த ஃபார்ச்சூனருக்கு 450. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கிற வண்டி டிஸ்கவரி, முன் பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவிலும் இருக்கிறது. அதனால் நனைந்த தாரிலும் அந்தப் பிடிப்பு உண்டு. ஃபார்ச்சூனர் 2.8-ல் அப்படி இல்லை. நாப்பைத் திருப்பினால்தான் முன்சக்கரம் இழுக்கும். நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசம் ஷாஃப்டில் முறுக்காக ஏறும். 2016 வரை வந்த பழைய 3.0 லிட்டர் ஃபார்ச்சூனரின் ஃபோர் வீல் டிரைவ் மாடலில் எப்போதும் நான்கு சக்கர இழுவைதான். அந்த வசதி வேண்டுமென்றால் அந்த மாடலைத் தேடலாம், டைமிங் பெல்ட்டை ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2.8-ல் செயின்.

இவ்வளவு பிடித்த பிறகும் ஏன் விட்டேன் என்றால், அம்மாவுக்காக மண்டி போட்ட அதே காற்றினால்தான்.

டிஸ்கவரி 4-ல் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்பிரிங் இல்லை. காற்று நிரப்பிய ரப்பர் பலூன்தான் வண்டியைத் தாங்குகிறது. இரண்டரை டன் எடை நான்கு பலூன் மேல் நிற்கிறது. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் பலூன் ஒரே இடத்தில் மடிந்து விரியும். மடிப்பில் மண் போய் உட்காரும். திருவட்டார் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவரிடம் போய்க் கேட்டேன். பஸ் வேலை பார்த்துப் பழகியவர், ஏர் சஸ்பென்ஷன் பஸ்களின் பலூனைக் கையால் கழற்றி மாட்டியவர். பழைய பலூன் ஒன்றை எடுத்து மடிப்பை விரலால் விரித்துக் காட்டினார். நகக்கீறல் மாதிரி நூறு வெடிப்பு. "நீ ரப்பர் விளைக்காரன் மக்கா, ரப்பருக்கு வயசாகும்னு நான் சொல்லணுமா?" என்றார்.

பலூன் வெடித்துப் போவதோடு விஷயம் நின்றால் பரவாயில்லை. மாற்றிவிட்டுப் போகலாம். பெரிய செலவு அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வெடிப்பில் காற்று நூல் அளவுக்குக் கசியும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. உயரம் குறைகிறது என்று சென்சார் சொல்லும், கம்ப்ரெஸ்ஸர் ஓடி நிரப்பும். முன்பு எப்போதாவது ஓடியது இப்போது அடிக்கடி ஓடும், சூடாகும், உள்ளே பிஸ்டன் சீல் தேயும். கம்ப்ரெஸ்ஸர் உறிஞ்சுகிற காற்றின் ஈரத்தை எடுக்க ஒரு டிரையர் உண்டு, அதற்குள் சிலிக்கா மணிகள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இடவப்பாதியும் துலா மழையும் (ஐப்பசி மழை) சேர்ந்து வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம்தான். மணிகள் நனைந்து நனைந்து பொடியாகி வால்வு பிளாக்கில் போய் அடைக்கும். கடைசியில் முன்னால் ஒரு பலூனில் தொடங்கியது பலூன், கம்ப்ரெஸ்ஸர், வால்வு என்று மூன்று பில்லாக வரும். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வண்டியானாலும் 12 வயதுக்கு மேல் ஏர் சஸ்பென்ஷனின் இயல்பு இது.

தக்கலையில் என் மச்சான் ஒரு ஐரோப்பியச் சொகுசு வண்டி வைத்திருந்தான், பெயர் வேண்டாம். ஒரு காலையில் ஒரு மூலை தரையோடு உட்கார்ந்திருந்தது. மாவட்டத்துக்குள் அதைத் தொட ஆள் இல்லை. ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்பி, ஸ்பேர் வந்து சேர்ந்து, வண்டி திரும்பியபோது 41 நாள் ஆகியிருந்தது. அவனுக்கு வீட்டில் வேறு வண்டி இருந்தது, சமாளித்தான். எனக்கு இருக்கிறது ஒரே வண்டி. 41 நாள் வண்டி இல்லையென்றால் அம்மாவுக்கும் விளைக்கும் ஒரே நேரத்தில் முட்டுக்கட்டை. பில் தொகையை என்னால் தாங்கிக்கொள்ள முடியும், அந்த நாட்களைத் தாங்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏர் சஸ்பென்ஷன் வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையும் அளந்து எழுதி வைக்கவேண்டும். காலையில் சாவி போடுவதற்கு முன்னால் மறுபடி அளக்கவேண்டும். கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது. நாங்கள் முதன்முதலில் பார்க்கப் போன வேறொரு வண்டியில் விற்பவர் காலையிலேயே எஞ்சினை ஓட்டி உயர்த்தி வைத்திருந்தார். பானட்டில் கை வைத்தால் சுட்டது. அந்த முற்றத்தில் நாங்கள் டீ கூடக் குடிக்கவில்லை.

பலூனைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். போடலாம், கிட் கிடைக்கிறது. ஆனால் உயர்த்துவது, தாழ்த்துவது, மண்டி போடுவது எல்லாம் போய்விடும். பிறகு அந்த வண்டியை எடுத்ததற்குக் காரணமே இல்லை.

டிஸ்கவரியின் 3.0 வி6 எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் தொந்தரவு பற்றி உலகம் முழுவதும் வைத்திருப்பவர்கள் பேசுகிறார்கள். எல்லா வண்டிக்கும் வராது, வந்தால் எஞ்சினே போகும். டர்போ வேலைக்குப் பல ஒர்க் ஷாப்களில் பாடியை சேசிஸிலிருந்து தூக்கிவிட்டுத்தான் கை வைக்கிறார்கள். அதற்கு லிஃப்ட் வேண்டும், ஸ்கேனர் வேண்டும், அந்த வேலை தெரிந்த கை வேண்டும். மார்த்தாண்டத்தில் அது இல்லை.

வரி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேரள நம்பர் வண்டியை இங்கே கொண்டுவந்தால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி 12 மாதத்துக்குள் நம் நம்பருக்கு மாற்றவேண்டும். வாழ்நாள் வரி, நீங்கள் கொடுத்த 17 லட்சத்தின் மேல் இல்லை. அது புதிதாக விற்ற அன்றைய விலையை வைத்து, வண்டியின் வயதுக்கேற்ற சதவீதம். அரைக் கோடி வண்டிக்கு அது என்ன தொகை வரும் என்று ஆர்டிஓ ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி கார் என்று பதிவாகியிருந்தால் 40,000. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கெடுபிடி இருந்தது, அதனால் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வந்தன. விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் இதே வரிக் கணக்கைப் போடுங்கள்.

ஃபார்ச்சூனர் பக்கம் வந்தால் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பலமும். முன்னால் பின்னால் இரண்டிலும் இரும்பு காயில் ஸ்பிரிங். 2.8 எஞ்சின் அதே காலத்து இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் இருந்த எஞ்சின். கன்னியாகுமரி வருகிற டூரிஸ்ட்டுகளால் நம் மாவட்டத்தில் இன்னோவா ஓடாத தெரு இல்லை. அதனால் ஃபில்டர், பெல்ட், பிரேக் பேட் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலிலேயே கம்பெனி சர்வீஸ் இருக்கிறது, அது வேண்டாமென்றால் டாக்ஸிக்காரர்கள் நம்புகிற மெக்கானிக் பத்துப் பேர் இருக்கிறார்கள். இதற்காகவே நான் டிஸ்கவரியைவிட ஏழு லட்சம் கூடக் கொடுத்து, ஐந்து வருஷம் புதிய வண்டியை எடுத்தேன். 24 லட்சம், நம் மார்த்தாண்டம் நம்பர் டிஎன் 75, ஒரே உரிமையாளர் கை. இதற்கு முன் குளச்சல் பக்கம் பார்த்த ஒரு வண்டியை, சேசிஸ் ஓரத்தில் உப்புக்காற்றின் துரு செதில் செதிலாக உரிந்ததால் வேண்டாமென்று வந்துவிட்டேன். கடற்கரை வண்டியைக் குனிந்து பார்க்காமல் எடுக்கவே கூடாது.

குறையும் இருக்கிறது. ஆள் இல்லாமல் தனியாக ஓட்டினால் பின்பக்கம் குதிக்கிறது. தக்கலை தாண்டும்வரை அம்மா மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டேதான் வருவார். விலைக்கேற்ற சொகுசு உள்ளே இல்லை. ஆனால் விளை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, நாப்பை எல்4-க்கு (லோ ரேஞ்ச்) திருப்பிவிட்டால் முழு லோடோடு நடந்து போகிற வேகத்தில் ஏறும், அதே வேகத்தில் பிரேக்கை மிதிக்காமல் இறங்கும். இதுவரை 17,000 கிலோமீட்டர். இரண்டு சர்வீஸ், முன் பிரேக் பேட், ஒரு ஸ்டெபிலைசர் லிங்க், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்குள். ஒர்க் ஷாப்பில் நின்ற நாட்கள் மொத்தம் மூன்று. ஒரு வருஷக் கணக்கை வைத்து ஐந்து வருஷத்தைச் சொல்ல முடியாது, 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டும்போது கணக்கு மாறலாம். விற்கும்போது நல்ல விலை நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை.

டிஸ்கவரியை எடுக்கவே கூடாதா என்றால் அப்படியும் இல்லை. வீட்டில் அன்றாட ஓட்டத்துக்கு இன்னொரு வண்டி இருந்து, திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ நம்பிக்கையான கை ஒன்று தெரிந்து, வாங்குகிற விலைக்கு மேல் நான்கைந்து லட்சம் தனியாக ஒதுக்க முடிந்தால் எடுங்கள். அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வண்டி தருகிற சுகம் வேறெதிலும் இல்லை.

எங்கள் வண்டி மண்டி போடாது. ஆசாரியிடம் சொல்லி அயனிப் பலகையில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு படி செய்து டிக்கியில் வைத்திருக்கிறேன், வழுக்காமல் இருக்க மேலே சைக்கிள் டயர் வெட்டி ஒட்டியிருக்கிறது. அம்மா முதலில் வலது காலை அதில் வைப்பார், ஒரு நொடி நிற்பார், பிறகு என் தோளில் கை ஊன்றி ஏறுவார். நேற்று ஏறும்போதும் கேட்டார்: "அந்த மண்டி போடுற வண்டிய வேற யாராவது வாங்கிட்டானா?"