நோக்கியா என்8: வன்பொருளில் குறையில்லை, சமூக வலையில் நிறைவில்லை

2010 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நோக்கியா என்8, அதே ஆண்டு அக்டோபரில் 26,000 ரூபாயைச் சற்றே தாண்டிய விலையில் இந்தியக் கடைகளுக்கு வந்தது. வசதிகளின் பட்டியலை மட்டும் பார்த்தால், அன்று அந்த விலைக்கு அதனுடன் போட்டியிடக்கூடிய கைப்பேசிகள் மிகச் சிலவே. படம் எடுக்கவும், காணொளி பார்க்கவும், வழி கண்டுபிடிக்கவும், முகநூலிலும் ட்விட்டரிலும் நண்பர்களோடு எந்நேரமும் தொடர்பில் இருக்கவும் இந்த ஒரு கருவி போதும் என்பதே நிறுவனம் முன்வைத்த பெருமை. இவற்றுள் கடைசியாகச் சொன்னது மட்டும் சொன்னபடி அமையவில்லை என்பதே என் மதிப்பீடு.

முதலில் கேமரா. 12 மெகாபிக்சல், கார்ல் சைஸ் லென்ஸ் என்ற இரண்டையும் விளம்பரமே உரக்கச் சொல்லிவிட்டது. ஆனால் படத்தின் தரத்தைத் தீர்மானித்தவை ஒளியை உள்வாங்கும் 1/1.83 அங்குல அளவுள்ள உணரியும் செனான் ஃபிளாஷும்தான். அக்காலக் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் இருந்த எல்இடி விளக்கு, இருட்டில் ஓடியாடும் குழந்தையை மங்கலான ஒரு கோடாகவே பதிவு செய்யும். செனான் ஒளியோ கண்ணிமைக்கும் நேரத்தைவிட வெகு குறைவாகப் பாய்ந்து மறைவதால், குழந்தையின் பாவாடைக் கொசுவம் காற்றில் விரிந்த நிலையிலேயே கூர்மையாகப் பதியும். கேமரா பகுதி முதுகில் மேடாகத் துருத்திக்கொண்டிருப்பதைச் சிலர் அழகுக் குறைவு என்றார்கள். இந்தப் படங்களுக்காக அந்த மேட்டைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம். காணொளி 720பி தரத்தில் பதிவாகும் என்றாலும், வெளியானபோது இருந்த மென்பொருளில் பதிவின்போது தானாகக் குவியம் மாறாது என்பதால், அருகில் இருக்கும் பொருள்கள் தெளிவிழந்தே தெரியும்.

எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியில் இணைக்கலாம். சிறு இணைப்பு வடம் வழியாகப் பென் டிரைவைச் செருகிக் கோப்புகளைப் படிக்கலாம். காரின் வானொலியில் பாட்டுக் கேட்பதற்கு எஃப்எம் டிரான்ஸ்மிட்டரும் உண்டு. வரைபடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், நோக்கியாவின் இணையச் சேவைத் தொகுப்பான ஓவியைச் சேர்ந்த ஓவி மேப்ஸ், இணையம் இல்லாமலேயே கட்டணமின்றி வழிகாட்டியது. அலுமினிய உடல் கையில் உறுதியாக அமர்கிறது. இவற்றில் எதைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை.

இனிச் சமூக வலைக்கு வருவோம். முகநூல், ட்விட்டர் இரண்டையும் ஒரே இடத்தில் காட்டுவதற்கென ஒரு செயலி இதில் இருந்தது. அதற்குள் நுழைய முதலில் ஓவி கணக்கு தேவைப்பட்டது; அதன் பின்னரே முகநூல் கணக்கு, ட்விட்டர் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. நண்பர்களின் புதிய பதிவுகள் முகப்புத் திரையில் ஒரு சிறு பட்டையாக வந்து நகர்ந்தன. முகநூல் நிகழ்வுகளைக் கைப்பேசியின் நாட்காட்டிக்கு மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. இந்த இரண்டும் நல்ல எண்ணங்கள்தாம். ஆனால் அந்தப் பட்டையைத் தொட்டு உள்ளே சென்றதும் வேகம் குன்றியது. 680 மெகாஹெர்ட்ஸ் செயலகமும் 256 எம்பி நினைவகமும் காரணம் என்று சொல்லிவிடலாம். எனினும் இதே கருவியில், தனியார் ஒருவர் உருவாக்கி விலைக்கு விற்ற கிராவிட்டி என்ற ட்விட்டர் செயலி வழுக்கிக்கொண்டு ஓடியதைப் பார்க்கும்போது, குறை வன்பொருளில் மட்டும் இல்லை என்பது புலப்படுகிறது.

பதில் எழுதுவது அதைவிடச் சிரமமாக இருந்தது. எழுதும் கட்டத்தைத் தொட்டவுடன் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வேறொரு பக்கம் திறந்தது; எந்தப் பதிவுக்குப் பதில் எழுதுகிறோமோ அந்தப் பதிவே கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால், பழைய பொத்தான் கைப்பேசிகளில் இருந்த எண் விசைப்பலகைதான் வந்தது. முழு விசைப்பலகை வேண்டுமானால் கிடையாகத் திருப்ப வேண்டியிருந்தது. சிம்பியன் என்ற அதன் இயங்குதளத்துக்கு 2011 ஆகஸ்டில் வந்த அன்னா மேம்பாடும், 2012 பிப்ரவரியில் வந்த பெல் மேம்பாடும் இக்குறைகளைப் பெருமளவு தீர்த்தன. ஆனால் 2011 பிப்ரவரியிலேயே நோக்கியா மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் இயங்குதளத்தின் பக்கம் போவதாக அறிவித்துவிட்டதால், சீர்திருத்தம் வந்து சேர்ந்தபோது வாங்குவோரின் கவனம் வேறெங்கோ இருந்தது.

இதைவிட வியப்பானது, இதே நிறுவனம் 2009இல் வெளியிட்ட என்900இல் இந்த வேலையைச் செம்மையாகச் செய்து காட்டியிருந்தது என்பதுதான். அதில் ஒருவரின் பெயரைத் தொட்டால் அவருடைய தொலைபேசி எண், ஸ்கைப், கூகுள் டாக் முகவரிகள் எல்லாம் ஒரே அட்டையில் கிடைத்தன; குறுஞ்செய்தியும் இணைய அரட்டையும் ஒரே இடத்தில் அமைந்தன. மனிதரை மையமாக வைத்த அந்தச் சிந்தனை, அடுத்த ஆண்டே வந்த என்8இல் செயலியை மையமாக வைத்ததாகச் சுருங்கிவிட்டது.

நம் சூழலையும் கணக்கில் கொள்ள வேண்டும். என்8 வந்த நாளில் தனியார் நிறுவனங்களின் 3ஜி சேவை இந்தியாவில் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. ஆகவே இரண்டு மூன்று எம்பி அளவுள்ள ஒரு படத்தை எட்ஜ் என்ற வேகம் குறைந்த 2ஜி இணைப்பில் முகநூலுக்கு ஏற்றுவதற்குள் பொறுமை சோதிக்கப்பட்டது. அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலமும் அதுவே. ஓபரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று தட்டச்சு செய்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பக்கங்களைப் படிக்கலாம் என்பதை வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தந்தார்கள். அந்த வழி படிப்பதற்கு மட்டுமே உதவியது. தமிழில் பதில் எழுத அது துணை செய்யவில்லை.

என்8ஐ நண்பர்களோடு உண்மையாகவே இணைத்தது வெளியிலிருந்து வந்த வாட்ஸ்அப் என்றே சொல்வேன். தனிக் கணக்கோ கடவுச்சொல்லோ கேட்காமல், கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் எண்களையே நண்பர் பட்டியலாக எடுத்துக்கொண்ட அந்தச் செயலி, சிம்பியனில் 2017 ஜூன் 30 வரை ஆதரவு பெற்றது. ஆகவே இன்று பழைய என்8ஐ வாங்க நினைப்பவர் சமூக வலையை மறந்துவிட்டு, கேமராவுக்காக மட்டும் வாங்கலாம். எடுத்த படங்களைப் பென் டிரைவில் மாற்றிக்கொள்ள வழி இருக்கவே இருக்கிறது. விலை பேசுவதற்கு முன் பேட்டரியின் நிலையைச் சோதித்துக்கொள்வது நல்லது: பின்மூடி திறக்காது என்றாலும், அடிப்பகுதியில் உள்ள நட்சத்திர வடிவத் தலை கொண்ட இரண்டு சிறு டார்க்ஸ் திருகுகளைக் கழற்றினால் பிஎல்-4டி பேட்டரியை வெளியே எடுத்து மாற்றிவிடலாம்.