பனங்காடை ஓவியத்துக்கு ஓர் அச்சுப் படம்: கிருஷ்ணகிரி ஸ்டூடியோ ஒன்றின் சேவை

பாரூர் ஏரிப் பக்கத்து மின்கம்பியிலிருந்து சிறகை விரித்து எழும் பனங்காடையை நண்பர் ஒருவர் படம் எடுத்திருந்தார். அவருடைய அனுமதியோடு அதை நீர்வண்ணத்தில் தீட்ட விரும்பி, கிருஷ்ணகிரி நகரில் உள்ள ஒரு ஸ்டூடியோவில் 8க்கு 12 அங்குல அளவில் அச்சிடக் கொடுத்தேன். கைப்பேசித் திரை தன் வெளிச்சத்தில் ஒளிர்வதால் அதில் தெரியும் நிறத்தைத் தாளில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுவது கடினம். அச்சுப் படமோ ஓவியத்தாளுக்குப் பக்கத்தில், அதே ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கும்.

முதலில் வந்த அச்சு எனக்குப் பயன்படவில்லை. கல்யாணப் படங்களுக்குச் செய்வதுபோல நிறங்களைத் தூக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கியிருந்தார்கள். பனங்காடையின் தொண்டையிலும் மார்பிலும் உள்ள மெல்லிய வெளிர்க் கீற்றுகள் ஆரஞ்சு கலந்த பழுப்பில் மறைந்துவிட்டன. சிறகின் வெளிர்நீலப் பட்டையும் கருநீலப் பட்டையும் ஒரே நீலத்தின் இரு அடர்த்திகளாகத் தெரிந்தன. ஓவியருக்கு இது பெரிய இழப்பு. இந்தப் பறவையின் நீலம் நிறமியால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அதை நாம் நிறமிகளைக் கொண்டுதான் எட்ட வேண்டும்: வெளிர்ப் பட்டைக்குப் பச்சைச் சாயல் கொண்ட தாலோ நீலத்தை நீர்க்கக் கரைத்தும், கருநீலத்துக்கு ஊதாச் சாயல் கொண்ட அல்ட்ராமரீன் நீலத்தைச் சேர்த்தும் தீட்டுகிறேன். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்டாத படத்தை வைத்துக்கொண்டு எந்த நீலத்தை எங்கே இடுவது?

“கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், மேட் தாளில் போடுங்கள்” என்று கேட்டபோது, கடைக்காரர் முகம் சுளிக்காமல், கூடுதல் பணமும் வாங்காமல் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார். அந்த அச்சு அருமை. சிறகின் நிழல் பகுதியில்கூட ஒவ்வொரு இறகின் விளிம்பும் தெரிகிறது. மேட் தாள் என்பதால் விளக்கின் பளபளப்பு கண்ணில் அடிப்பதில்லை. பறவை வரைவோருக்கு இந்த ஸ்டூடியோவைத் தயங்காமல் சொல்வேன்.

எந்தக் கடையாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. 8க்கு 12 அங்குலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமென்றால், படத்தில் 2400க்கு 3600 பிக்சல்கள் இருக்க வேண்டும். தொலைவில் புள்ளியாகத் தெரியும் பறவையை வெட்டிப் பெரிதாக்கினால் இறகுகள் குழம்பித்தான் வரும். வெயிலில் வெளுத்துப்போன பகுதியையும் அச்சு மீட்டுத் தராது. அதற்குப் பறவையை நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பதே வழி. நம் மாவட்டத்தில் வயலோரக் கம்பிகளில் பனங்காடை கண்ணில் படுவதால் அது முடியாத காரியமும் அல்ல.

அளவைச் சொல்லும்போது கவனம் தேவை. கேமரா படத்தின் விகிதம் பெரும்பாலும் 3க்கு 2 என்பதால் 8க்கு 12 தாளில் அது முழுமையாகப் பொருந்தும். 8க்கு 10 கேட்டால் ஓரம் வெட்டுப்பட்டுச் சிறகு நுனி போய்விடும். அந்த அளவுதான் வேண்டுமென்றால், ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் அச்சிடும்படி முன்பே சொல்லிவிடுங்கள்.