இன்ட்ரா வி10-ஆ, வி30-ஆ? வேலூர்ப் பக்கத்து லோடுக்கு எந்த எஞ்சின் சரி

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் சொந்த லோடு வண்டி எடுக்க நினைக்கிறவர்கள் குட்டி யானையை விட்டு ஒரு படி மேலே போகும்போது இந்தக் கேள்வி வந்து நிற்கும். டாடா இன்ட்ராவில் சின்ன எஞ்சின் (வி10) போதுமா, பெரியதுதான் (வி30) வேண்டுமா? முகம் ஒன்று, கேபின் ஒன்று. எஞ்சினும் பின்பக்கத் தொட்டியின் நீளமும்தான் பெரிய வித்தியாசம். அதனாலேயே பலர் மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அது போதாது.

பி.எஸ்.6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளின் கணக்கு இது. வி10-ல் இருப்பது 798 சிசி, இரண்டு சிலிண்டர். 44 குதிரைத்திறன், 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றி இழுக்கும் பலம்). ஏற்றக்கூடிய பாரம் 1,000 கிலோ, பாரத்தோடு மொத்த எடை 2,120 கிலோ. வி30-ல் 1,496 சிசி, நான்கு சிலிண்டர், 70 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர். பாரம் 1,300 கிலோ, மொத்த எடை 2,565 கிலோ.

காகித விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய எஞ்சின் எடுத்தால் இன்சூரன்ஸ் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சிசியை வைத்துப் போடுவதில்லை, மொத்த எடையை வைத்துப் போடுவது. 7,500 கிலோ வரை ஒரே படி. 2022-ல் அறிவித்த கட்டணப்படி வாடகை வண்டிக்கு அது 16,049 ரூபாய், இரண்டுக்கும் அதேதான். வண்டி விலையைப் பொறுத்த சொந்தச் சேதப் பகுதி மட்டும் கொஞ்சம் கூடும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, இரண்டும் அதற்குள் அடங்கும். லைசென்சும் அப்படித்தான். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைக் கார் ஓட்டும் இலகுரக லைசென்சிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, இழுவைக்கு வருவோம். ஷோரூமில் 44, 70 என்ற எண்களைக் காட்டுவார்கள். அந்த எண்ணை டன்னால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முழுப் பாரத்தோடு வி10-க்கு ஒரு டன்னுக்குச் சுமார் 21 குதிரைத்திறன், வி30-க்கு 27. முறுக்குவிசையில் ஒரு டன்னுக்கு 52-க்கு 55, கிட்டத்தட்ட சமம். அதாவது முழு லோடோடு சிக்னலில் நின்று கிளம்பும்போதும், மேட்டில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போதும் வி30 பெரிய மாயம் எதுவும் காட்டாது, ஏனென்றால் அது சுமப்பதும் அதிகம். அதே ஒரு டன்னை மட்டும் வி30-ல் ஏற்றிப் பாருங்கள். ஒரு டன்னுக்கு 31 குதிரைத்திறன், 62 நியூட்டன் மீட்டர் என்று கணக்கு மாறிவிடும். பெரிய எஞ்சினின் சுகம் அதைக் கொஞ்சம் குறைவாக ஏற்றும்போதுதான் தெரியும்.

நம் பக்கத்தில் மலை அதிகம் என்பதால் இதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர், ஒடுகத்தூர்ப் பக்கம் பீஞ்சமந்தை, பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பாதை என்று ஏற்றங்களுக்குக் குறைவில்லை. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். முழுப் பாரத்தோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கில், வி10-க்குச் சக்கரத்தில் சுமார் 26 குதிரைத்திறன் வேண்டும், வி30-க்கு 32. இரண்டும் ஏறிவிடும். அதே மேட்டில் 45-ல் போக நினைத்தால் வி10-க்குச் சுமார் 40 வேண்டும். கியர்பெட்டியிலும் ஆக்சிலிலும் போகிற இழப்பைச் சேர்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வி30-க்கு 48 அல்லது 49 வேண்டும், அந்த இழப்பு போகவும் கையிருப்பு இருக்கும். ஆகவே வி10 மலை ஏறாது என்று சொல்வது தவறு. ஏறும், கியரை இறக்கிப் பொறுமையாக ஏற வேண்டும். மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, எஞ்சின் முழுத் திணறலில், வேகம் குறைந்து ரேடியேட்டருக்குக் காற்றும் குறைந்த நிலையில் அப்படி ஏறுவது வாரம் ஒரு முறை என்றால் சரி, தினமும் என்றால் சரியில்லை.

ஏறுவதை எல்லோரும் கேட்கிறார்கள், இறங்குவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மலை இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடி விட்டுவிடும். கியரைப் போட்டு எஞ்சினால் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடி தோராயமாக எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. முழுப் பாரத்தில் வி10-க்கு ஒரு டன்னுக்கு 376 சிசி, வி30-க்கு 583. கியர் விகிதத்தைப் பொறுத்து இது மாறும் என்றாலும், ஏறும்போது சமமாகத் தெரிந்த இரண்டு வண்டியும் இறங்கும்போது சமமில்லை. ஜவ்வாது மலையிலிருந்து புளியோ தேனோ சாமையோ மூட்டை கட்டி இறக்குகிற வேலை நிரந்தரமாக இருக்கிறது என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே வி30 எடுக்கச் சொல்வேன்.

அப்புறம் சரக்கு. எடை வேறு, இடம் வேறு. சிமெண்ட் மூட்டை 50 கிலோ, 20 மூட்டையில் வி10 முடிந்தது, தொட்டியில் பாதி இடம் காலியாகவே இருக்கும். அரிசியும் எடைச் சரக்குதான். ஆரணி, ஆற்காடு பக்கத்து மில்லிலிருந்து 25 கிலோ சிப்பம் ஏற்றினால் வி10-ல் 40, வி30-ல் 52. தோல் பதனிடும் ஊர்களில், பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம், ஈரத்தோல் ஏற்றுகிறவர்களுக்கு எடை கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடும். தண்ணீர் வடியாத தோல் பார்ப்பதற்குக் கொஞ்சமாக இருக்கும், எடை மேடையில் ஏறினால்தான் தெரியும். இவர்கள் வி10 பக்கமே போகக் கூடாது. அதே ஆம்பூரில் செருப்பு, ஷூ அட்டைப்பெட்டி ஏற்றுகிறவருக்குக் கதை நேர்மாறு. வண்டி நிரம்பி வழியும், எடை அரை டன்கூட வராது. அவர் வி30 எடுத்தால் எஞ்சினுக்காக இல்லை, தொட்டியின் நீளத்துக்காக. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும் விவசாயிக்கு வி10 தாராளம். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு ஏற்றுகிறவர்களுக்கு எடை பிரச்சினை இல்லை, நீளமும் நிதானமான ஓட்டமும்தான் வேண்டும். மாடு நிற்கிற வண்டியைத் திணறவைத்துக் கியர் மாற்றி ஓட்டினால் மாடு சறுக்கும். அங்கே நான்கு சிலிண்டரின் மென்மை உதவும்.

அந்த மென்மைக்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு சிலிண்டரில் சராசரியாக ஒரு முறை டீசல் எரியும், நான்கு சிலிண்டரில் இரண்டு முறை. வெடிப்புகளுக்கு இடைவெளி கூடினால் அதிர்வும் கூடும். வேலூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூருக்கு 210. இரவில் கோயம்பேட்டுக்குப் போய்க் காலையில் திரும்புகிற டிரைவருக்கு அந்த அதிர்வு கையிலும் இடுப்பிலும் தங்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால் இரண்டு வண்டியும் 80-க்கு மேல் போகப்போவதில்லை. ஆனால் எதிர்காற்றிலும் மேம்பால ஏற்றத்திலும் அந்த வேகத்தை விடாமல் பிடிப்பது வி30 மட்டும்தான். நெடுஞ்சாலையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஓடும் சின்ன எஞ்சின் டீசலில் மிச்சம் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே செல்லாது.

மிச்சம் பிடிக்கும் இடம் ஊருக்குள். லாங்கு பஜார், மண்டித் தெரு, காட்பாடி, சத்துவாச்சாரி என்று நாளெல்லாம் நின்று நின்று, அரை லோடும் கால் லோடுமாக ஓடுகிற வண்டிக்கு வி10-தான் சரி. சின்ன எஞ்சின் குறைந்த பாரத்தில் குறைவாகத்தான் குடிக்கும், குறுகலான சந்தில் சுலபமாகத் திரும்பும், ஆயில் மாற்றச் செலவும் குறைவு, தவணையும் குறைவு. இந்த வேலைக்கு, "எதற்கும் இருக்கட்டும்" என்று வி30 எடுக்கிறவர்கள் வருமானமில்லாத எஞ்சினுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.

அதைவிட மோசமானது வி10 வாங்கி ஒன்றரை டன் ஏற்றுவது. "ஸ்பிரிங் பட்டை ஒன்று சேர்த்துப் போட்டால் தாங்கும்" என்பார்கள். பட்டை தாங்கும், கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் டயரும் தாங்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஒரே ஒரு முறை மாட்டினால் பல மாதத்து மிச்சம் போய்விடும். அப்படி ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வி30-கூட வேண்டாம், வி50-ஐப் பாருங்கள். அதே 1,496 சிசிதான், ஆனால் 80 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர், 1,500 கிலோ பாரம், மொத்த எடை 2,940. பெர்மிட் தேவையில்லாத 3,000 கிலோ எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. சிசி மட்டும் பலம் இல்லை. இசுசு டி-மேக்ஸ் பிக்கப்பில் வணிகப் பயன்பாட்டுக்கான 2.5 லிட்டர் எஞ்சின் தருவது 78 குதிரைத்திறன், அதே டி-மேக்ஸ் வரிசையின் வி-கிராஸில் வரும் 1.9 லிட்டர் எஞ்சின் 163. டர்போவும் எரிபொருள் அமைப்பும் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. சிசியைப் பார்த்து மயங்காமல் முறுக்குவிசையையும் மொத்த எடையையும் கேளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாளாவது மலையோ, முழு லோடோடு நெடுஞ்சாலையோ இருந்தால் வி30. மற்றவர்களுக்கு வி10. என் முடிவு இதுதான். டெமோ வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்ப்பதில் மட்டும் பயனில்லை. நீங்கள் வழக்கமாக ஏற்றப்போகிற எடையை ஏற்றித் தரச் சொல்லுங்கள், மதிய வெயிலில் எடுங்கள், பேரணாம்பட்டு மலைப்பாதை மாதிரி ஓர் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரில், காலைப் பிரேக்குக்குப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு, மிதிக்காமல் வண்டி எந்த வேகத்தில் பிடித்து நிற்கிறது என்று மீட்டரைப் பாருங்கள்.