வைரஸ் மாடல் கிட்: பேஜுக்காக வாங்கலாம், சார்ட்டை மட்டும் நம்பாதீர்கள்

பையன் பதினொன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை வைரஸ் மாடல் கொண்டுபோக வேண்டும் என்பதை வெள்ளி ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான். தெர்மோகோலை வெட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, சனிக்கிழமை காலை அல்சூரிலிருந்து பைக்கில் அவென்யூ ரோடு போய் ஒரு கடையில் இந்த கிட்டை வாங்கினேன். 650 ரூபாய், நாலு மாடல், ஒரு சார்ட்.

பேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், அந்த மாடல் அருமை. அட்டை முக்கோணங்கள் 20, மடித்து ஒட்டினால் தலை. நிஜமான டி4 பேஜின் தலை கொஞ்சம் நீண்டிருக்கும், இந்த விலைக்கு அதெல்லாம் கேட்கக் கூடாது. வாலில் ஸ்பிரிங், நடுவே ஸ்ட்ரா, தலைக்குள் சுருட்டிய சிவப்பு நூல். பழைய டிபன் டப்பா மூடியில் ஓட்டை போட்டு, அதுதான் ஈ. கோலை பாக்டீரியா என்று வைத்துக்கொண்டோம். அழுத்தினால் ஸ்பிரிங் சுருங்கி ஸ்ட்ரா ஓட்டைக்குள் இறங்குகிறது, நூலைத் தள்ளினால் உள்ளே போய்விடுகிறது, அட்டைத் தலை மட்டும் வெறுமனே வெளியே நிற்கிறது. பையன் இதையே பத்து தடவை செய்துவிட்டு, "அப்பா, நூல் மட்டும் போனா போதுமா?" என்றான். போதும். 1952-இல் ஹெர்ஷி, சேஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் டி.என்.ஏ.வுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸையும் புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகத்தையும் அடையாளமாக வைத்துக் காட்டியது இதைத்தான்: உள்ளே போவது டி.என்.ஏ., புரத உறை பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிடுகிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வைரஸுக்கென்று கிடையாது, அதனால் பாக்டீரியாவின் ரைபோசோமிலேயே அதன் புரதங்கள் தயாராகி, தலை தனியாக வால் தனியாக உருவாகி ஒட்டிக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் நூறு பேஜ் போல செல்லை உடைத்து வெளியே வந்துவிடும்.

புகையிலைத் தேமல் வைரஸ் சுருள் கம்பியில் மணி கோத்தது, பரவாயில்லை. ஹெச்.ஐ.வி. சுமார்.

சார்ட்தான் கோபம் வரவைத்தது. வகைப்பாடு என்று போட்டு உருண்டை, குச்சி, சிக்கலானது என உருவத்தை மட்டும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள், போதாததற்குக் கொரோனாவை டி.என்.ஏ. வைரஸ் என்று அச்சடித்திருக்கிறார்கள். அது ஆர்.என்.ஏ. வைரஸ். 1971-இல் பால்டிமோர் என்ற விஞ்ஞானி போட்ட முறையில் கேள்வியே வேறு: ரைபோசோம் படித்துப் புரதம் செய்யும் எம்.ஆர்.என்.ஏ.வை இந்த வைரஸ் எப்படி உண்டாக்குகிறது? கொரோனாவின் ஆர்.என்.ஏ.வை நம் ரைபோசோம் அப்படியே படித்துவிடும். இன்ஃப்ளூயன்சாவினுடையது தலைகீழ், கூடவே கொண்டுவரும் என்சைமால் முதலில் நகல் எடுத்தாக வேண்டும். ஹெச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே சொருகிவிடும். சார்ட்டில் மூன்றும் ஒரே உருண்டைக் கட்டத்தில்!

கடைக்குப் போன் போட்டால், "எல்லா ஸ்கூலுக்கும் இதுதான் சார் போகுது, யாரும் கேக்கல" என்றார். சரி, சார்ட்டைக் கிழித்துவிட்டுக் கையால் எழுதிக் கொடுத்தேன்.

வாங்குவதானால் கடையிலேயே பெட்டியைத் திறந்து பேஜின் கால்களை எண்ணிப் பாருங்கள். ஆறு இருக்க வேண்டும், எங்களுக்கு ஐந்துதான் வந்தது. ஆறாவது, எங்கள் வீட்டு விளக்குமாற்றின் ஈர்க்குச்சி.