அணை நீர்மட்டத்தை ஊருக்குச் சொல்ல: வாட்ஸ்அப்பா, யூடியூபா, எக்ஸா?

முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியைத் தாண்டும் மழைக்காலங்களில் ஒரே எண் மலைக்கு இருபுறமும் இரு வேறு பொருளில் படிக்கப்படுகிறது. தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு அது நம்பிக்கை; அணைக்குக் கீழே, கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் வாழும் ஆற்றோரக் குடும்பங்களுக்கு அது அச்சம். அந்த எண்ணின் பொருளைச் சொல்ல வேண்டியவர் பொறியாளர்.

வேகத்தில் வாட்ஸ்அப்புக்கு ஈடில்லை. விடியுமுன் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துச் செல்லும் பெண்களால் நீண்ட அறிவிப்பைப் படிக்க இயலாது. ஆனால் ஒருவரின் கைபேசியில் ஒலிக்கும் அரை நிமிடக் குரல்பதிவை வண்டியே கேட்டுவிடும். குறை என்னவென்றால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறி வரும் (ஃபார்வர்டு) பதிவில் அது முதலில் வெளியான தேதி தெரிவதில்லை. போன ஆண்டின் எச்சரிக்கை இன்றைய செய்தியாகிப் பீதி கிளப்புவது இதனால்தான். எனவே பொறியாளர் தம் குரலிலேயே முதலில் தேதியையும் மணியையும் சொல்லிவிட்டுப் பிறகு அளவைச் சொல்ல வேண்டும். 'விநாடிக்கு 1,000 கன அடி' என்பதோடு நின்றுவிடாமல், அது ஏறத்தாழ 28,300 லிட்டர் என்பதையும் சேர்த்தால் நன்று.

ஆயினும் விளக்கம் என்று வரும்போது நான் யூடியூபின் பக்கமே நிற்பேன். அணையின் குறுக்குவெட்டுப் படத்தை வெள்ளைத்தாளில் வரைந்து, 104 அடியில் ஒரு கோடும் 142 அடியில் ஒரு கோடும் போட்டுக் காட்டினால், கீழ்க்கோட்டுக்கு மேலுள்ள நீர் மட்டுமே சுரங்கப்பாதை வழியாகத் தமிழகப் பக்கம் வரும் என்பதும், மேல்கோடு 2014-இல் உச்சநீதிமன்றம் அனுமதித்த அளவு என்பதும் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். 1895-இல் முடிந்த சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூளும்) சேர்ந்த காரையில் கட்டிய அணையின் உச்சியில் பின்னாளில் இட்ட கான்கிரீட்டையும், அடிப்பாறைவரை இறக்கிய எஃகு வடங்களையும், பின்புறம் கொடுத்த கான்கிரீட் தாங்குசுவரையும் அதே தாளில் காட்டலாம். அச்சப்படுபவரிடம் 'அணை பலமாக இருக்கிறது' என்று நூறுமுறை சொல்வதைவிட இது மேல். மலையாள எழுத்துவரிகள் கட்டாயம் வேண்டும். 'அடி' என்ற சொல்லே இரு மொழிக்கும் பொதுவாக இருப்பது வரைபவருக்கு வசதி. காணொளியின் குறை தாமதம்: படம்பிடித்து ஏற்றுவதற்குள் வெள்ளம் ஊருக்குள் வந்துவிடும். ஆகையால் அது தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, மே மாதத்திலேயே தயாராக வேண்டிய ஒன்று.

எக்ஸ் தளம் செய்தியாளருக்கும் அதிகாரிகளுக்கும் பயன்படும். இலவசக் கணக்கின் 280 எழுத்து வரம்பில் தமிழின் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால், நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்று எண்களுக்கு மேல் அதில் எழுத முயல வேண்டியதில்லை. நேரத்துடன் வரிசையாக நிற்கும் அந்தப் பதிவுகளுக்கு ஒரு தனிப்பயன் உண்டு: வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய எச்சரிக்கையைச் சரிபார்க்க விரும்பும் ஊராட்சித் தலைவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.