64.50 மில்லிமீட்டர்: ஆர்டி 350-இல் ஐந்து சீசன்

போன வாரம் நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். 1974 மாடல் யமஹா ஆர்டி 350. டேங்கில் கொஞ்சம் துரு, மற்றபடி வண்டி முழுசாக இருக்கிறது. கீழே இரண்டு வரி: "விலையைக் குறைத்துவிட்டார். வின்டேஜ் ரேஸுக்கு எடுக்கலாமா? நீதான் ஐந்து வருஷமாக ஓட்டுகிறாயே."

அவன் கேட்ட நேரம் சரியில்லை. என் ஆர்டியின் இன்ஜின் அப்போது மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது, என் முழங்கை வரைக்கும் கிரீஸ். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். ஏன் என்றான். அதற்கு ஒரு சொல் போதவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

வண்டியின் விவரங்களை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வு, ஆறு கியர். இதை ரேஸுக்கு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் மனதின் ஓரத்தில் ஒரே படம்தான் ஓடும்: 1973-இல் பின்லாந்துக்காரர் யார்னோ சாரினென் 350 சிசி யமஹாவை எடுத்துக்கொண்டு போய், 750 சிசி வண்டிகளுக்கு நடுவே அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தை ஜெயித்த படம். அவர் ஓட்டியது ரேஸுக்கென்றே செய்த வண்டி. நம்முடையது காற்றில் குளிரும் தெரு வண்டி. ஆனாலும் சொந்தக்காரன்தானே என்று ஒரு நப்பாசை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனநிலை எப்படிப் போகுமோ தெரியாது. 6,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) வரைக்கும் இந்த இன்ஜின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். அதைத் தாண்டியதும் எக்ஸ்பேன்ஷன் சேம்பர், அதாவது நடுவில் பெருத்த அந்தப் புகைக்குழாய், தன் வேலையைத் தொடங்கும். வெளியே ஓடப் பார்த்த புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை, குழாயின் குறுகும் முனையில் மோதித் திரும்பும் அழுத்த அலை மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். புத்தகத்தில் படித்தால் இது இயற்பியல். வளைவிலிருந்து நிமிரும்போது அடிவயிற்றில் படித்தால் வேறு. ஐந்து வருஷமாக ஒவ்வொரு லேப்பிலும் அந்த இடம் வரும்போது ஹெல்மெட்டுக்குள் சிரிக்கிறேன். இது மிகையில்லை. ஒருமுறை ஹெல்மெட்டில் மாட்டியிருந்த மைக்கில் அந்தச் சிரிப்பு பதிவாகி, வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

சரி, இப்போது இடது சீல்.

இந்த இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரப்பர் சீல் உண்டு. வலது முனை கிளட்ச் பக்கம், அங்கே கியர் ஆயில் இருக்கிறது. அந்தச் சீல் கிழிந்தால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகை கக்கும், பின்னால் வருகிறவன் திட்டுவான், நமக்கும் தெரிந்துவிடும். இடது முனை மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பக்கம். அங்கே ஆயில் கிடையாது, வெறும் காற்று. சீல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இன்ஜின் வெளிக்காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது, ஆகவே அதுவும் குறையும். பிஸ்டன் சூடேறி விரியும், சிலிண்டரின் உள்சுவரான இரும்பு லைனர் அந்த அளவுக்கு விரியாது. மெக்கானிக்குகள் பாஷையில் சொன்னால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வலது சீல் வாயாடி என்றால் இடது சீல் ஊமை. கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லாது, சொல்லும்போது பின்சக்கரம் லாக் ஆகியிருக்கும்.

அதனால் இந்த வண்டியை ஓட்டுகிறவன் இடது கையின் இரண்டு விரலைக் கிளட்ச் லிவரிலிருந்து எடுக்கவே மாட்டான். பிடித்த அந்தக் கணத்தில் கிளட்சை இழுத்தால் சக்கரம் சுழலும், நாம் நிமிர்ந்தபடி ஓரம் ஒதுங்கலாம். இழுக்காவிட்டால் ஒதுங்குவது நம் கையில் இல்லை. இப்போதெல்லாம் நான் எதைப் பிடித்தாலும் அந்த இரண்டு விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் டம்ளரைக்கூட அப்படித்தான் பிடிக்கிறேனாம், மனைவி சொல்கிறாள்.

இந்த வண்டியோடு என் காலத்தை நான் வருஷத்தில் கணக்கிடுவதில்லை, மில்லிமீட்டரில்தான். சிலிண்டரின் ஸ்டாண்டர்ட் விட்டம் 64.00. ஒவ்வொரு முறை பிடித்து, சுவரில் கீறல் விழும்போதும் 0.25 பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் போட வேண்டும். 64.25, 64.50, 64.75, 65.00. அதற்குமேல் போனால் புது லைனர். ஆக, சிலிண்டருக்கு நாலே நாலு மன்னிப்பு.

முதல் மன்னிப்பு முழுக்க என் தப்பு. முதல் சீசன், இரண்டாவது ரேஸ். முந்தின நாள் மத்தியான வெயிலில் ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றினால் அழகான பழுப்பு நிறம். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் சரியாக அமைந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை நல்ல குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே ஜெட்டுக்கு அதிகக் காற்று சேரும், கலவை மெலியும். ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும், சோம்பல். நேர்பாதையின் முடிவில் திராட்டிலை மூடிய நேரத்தில் பிடித்தது. மூடியதும் பெட்ரோல் நிற்கும், ஆயிலும் நிற்கும், இன்ஜின் மட்டும் 8,000-த்தில் சுற்றிக்கொண்டிருக்கும். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, அப்புறம் ஒரு 'கீச்'. கிளட்சை இழுக்கத் தோன்றுவதற்குள் புல்லில் இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. பிளக்கைப் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளை. 64.25.

இரண்டாவது சீசனில் ஒன்றுமே ஆகவில்லை. அதைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. சந்தோஷமான வருஷம்.

மூன்றாவது சீசனில்தான் அந்த ஊமையிடம் மாட்டினேன். இன்ஜினைத் திறந்த கையோடு இரண்டு சீலையும் புதிதாகப் போட்டிருந்தேன். பெட்டியில் பெயர் இருந்தது, அதை இங்கே எழுத விருப்பமில்லை. வண்டியைச் செய்தவர்கள் மீதும் எனக்கு வருத்தமில்லை. 1973-இல் விற்பனைக்கு வந்த வண்டியை அரை நூற்றாண்டு கழித்து ஒருவன் 8,000 ஆர்பிஎம்மில் முறுக்குவான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றுச் சீலின் ரப்பர், பெட்ரோல் பட்டு நாலாவது மாதத்திலேயே உதடு சுருங்கிக் காய்ந்த இலை மாதிரி ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வண்டி ஒரே ஒரு குறிப்புக் கொடுத்தது: திராட்டிலை மூடினால் இன்ஜின் சுற்று ஐடிலுக்கு (சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்துக்கு) உடனே இறங்கவில்லை, மேலேயே கொஞ்ச நேரம் தொங்கியது. காற்று இழுக்கும் இன்ஜினின் பாலபாடம் அது. நான் கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்துவிட்டேன், அதாவது குறிப்பை அழித்துவிட்டேன். அடுத்த ரேஸில் இடது சிலிண்டர் பிடித்தது. இந்த முறை விரல் முந்திக்கொண்டது, கீழே விழவில்லை. 64.50. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும் என்று ஒரு குற்றமும் செய்யாத வலது சிலிண்டரையும் கூடவே பெரிதாக்கினோம்.

கணக்குப் போட்டால் 347 சிசி வண்டி என்னிடம் 353 சிசி ஆகியிருக்கிறது. தோற்றதில் கிடைத்த லாபம் ஆறு சிசி. வின்டேஜ் பிரிவுகளில் ஓவர்சைஸுக்குப் பொதுவாகக் கொஞ்சம் இடம் விடுவார்கள், அதனால் வழக்கில்லை.

நாலாவது சீசன் மழை. அதில் கற்றது பிரேக் பற்றி. டூ ஸ்ட்ரோக்கில் கியரைக் குறைத்தால் வண்டி நிற்கும் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும், இன்ஜின் பிரேக்கிங் என்பது பெயருக்குத்தான். எல்லாம் முன்பக்க ஒற்றை டிஸ்க்கின் தலையில். காய்ந்த தரையில் குறை சொல்ல முடியாது. நனைந்த டிஸ்க் மட்டும் லிவரை அழுத்தியதும் ஒரு கணம் யோசிக்கும், பிறகு திடீரென்று ஒப்புக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் நாம் ஏழு தலைமுறையை நினைத்துவிடலாம். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் புஷ்ஷை வெண்கலத்தில் போட்டபிறகு வேகமான வளைவில் இருந்த நெளிசல் போனது. அந்த சீசனின் நல்ல செய்தி அது ஒன்றுதான்.

பயிற்சி ஓட்டங்களில் என்னோடு ஓடும் ஒரு பெரியவரிடம் ஹோண்டா சிபி 350 இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக், 325 சிசி. நேர்பாதையில் அவரைத் தாண்டுவேன், இறுக்கமான வளைவில் என் இன்ஜின் 6,000-க்குக் கீழே தூங்கும்போது அவர் மெதுவாகத் தாண்டிப் போவார். "தம்பி, இன்ஜினைத் திறந்து இரண்டு வருஷம் ஆச்சு" என்றார் ஒரு நாள், ஏதோ உடம்பில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற மாதிரி. அவர் நல்ல மனிதர். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

ஆனால் அவருக்கு எங்கள் வாசனை கிடைக்காது. ஆயில் பம்பை எடுத்துவிட்டு நான் பெட்ரோலில் நேராகக் கலந்து ஓட்டுகிறேன், 32-க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 156 மில்லி. சில சமயம் ஆமணக்கு அடிப்படையிலான ரேஸ் ஆயில் வாங்குவேன். நம் விளக்கெண்ணெயின் சொந்தம்தான். அடுத்த மனிதனை விளக்கெண்ணெய் என்று திட்டுகிற நாம் அதன் புகையை ஒருமுறை முகர வேண்டும். பிஸ்டன் ரிங்குகளில் பசை மாதிரி படியும், குளிரில் பெட்ரோலிலிருந்து பிரிந்து நிற்கும், ஓட்டி முடித்ததும் எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். தெரிந்தேதான் வாங்குகிறேன்.

இன்னொன்றும் பிடிக்கும். பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று பாயின்ட் டைமிங் வைக்கிற அந்த அரை மணி நேரம். பிளக் துளையில் டயல் கேஜை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு 2.0 மில்லிமீட்டர் முன்னால் பாயின்ட் திறக்கிறதா என்று ஒவ்வொரு சிலிண்டராகப் பார்ப்பது. எலக்ட்ரானிக் போடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், போடலாம். அந்த அரை மணி நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், அதுதான் விஷயம்.

இப்போது இந்த மாதம் நடந்ததற்கு வருகிறேன். எட்டு லேப் ரேஸ், ஆறாவது லேப். நான் மூன்றாவது இடத்தில். ஐந்து சீசனில் நான் பார்த்த மிக நல்ல இடம் அதுதான். ஹேர்பின்னுக்காகத் திராட்டிலை மூடினேன். ஐடில் இறங்கவில்லை. மேலே தொங்கியது. மூன்றாவது சீசன் முழுதாக நினைவுக்கு வந்தது. நான் யோசிக்குமுன் அந்த இரண்டு விரலும் கிளட்சை இழுத்துவிட்டன. கையைத் தூக்கி ஓரம் கட்டி, பிட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தாண்டிப் போனார்கள், சிபி 350 உட்பட.

இந்த நிலையில் செய்ய வேண்டியது பிரஷர் டெஸ்ட். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ஆறு நிமிடம் நிற்கிறதா என்று பார்த்து, சீல் பக்கம் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி சொல்லிவிடும். நான் அதைச் செய்யவில்லை. கோபத்தில் அன்று இரவே இன்ஜினை இறக்கி, கவிழ்த்து, கேஸைப் பிளந்துவிட்டேன். இடது சீல் புத்தம் புதிதாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி. பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை, சிலிண்டர் கண்ணாடி. மறுநாள் ஃபிரேமைத் துடைக்கும்போதுதான் திராட்டில் கேபிளைப் பார்த்தேன். அன்று காலை கார்புரேட்டர்களை ஒரே அளவுக்குத் திறக்க வைத்துவிட்டு டேங்கை மாட்டியபோது, கேபிள் டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. கார்புரேட்டரின் காற்றுவழியை மூடும் ஸ்லைடு முழுதாக இறங்கவில்லை, அவ்வளவுதான். அப்படியே ஓட்டியிருந்தால் மூன்றாவது இடம்.

வண்டியின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

டேய், இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன முடிவு எடுப்பாய் என்று தெரியாது. என்னைக் கேட்டால் வாங்காதே. உனக்குப் பொறுமை கிடையாது, பிளக் நிறம் பார்க்கிற கண்ணும் இன்னும் வரவில்லை. வார இறுதியில் ஓட்டி, திங்கட்கிழமை மறந்துவிடக்கூடிய வண்டி வேண்டுமென்றால் அந்தப் பெரியவரிடம் சொல்லி நல்ல சிபி 350 ஒன்று தேடலாம்.

ஆனால் விற்கிறவரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் ஏதாவது எண் அடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். 0.25, 0.50 மாதிரி எதுவும் இல்லாமல் ஸ்டாண்டர்டாக இருந்தால் வேறு யாரிடமும் சொல்லாதே, முதலில் எனக்குப் போன் பண்ணு.